கடல் கடந்த கோயில்களும் முழுமையான கோயில்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், வெளிநாடுகளில் நம்மவர்கள் எழுப்பியிருக்கும் கோயில்களைப் பற்றி மதுரை வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். சிவனையும் பெருமாளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பது ஆகம முறையல்ல என்றும், திருவிழாக்களைச் சனி, ஞாயிறுகளுக்கு மாற்றிக்கொள்வது மனிதர் வசதிக்காகத் தெய்வத்தைக் காக்க வைப்பது என்றும், கோயிலுக்குள் உணவகமும் வகுப்புகளும் நடத்துவது வணிகம் என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். அவற்றைக் காரணமாகக் காட்டி, அங்கே சென்று பூசை செய்துவிட்டுத் திரும்பும் அர்ச்சகர்களை நம் ஊர்க் கோயில்களில் மீண்டும் பணியில் சேர்க்கக் கூடாது என்று முடித்திருந்தார். அவருடைய பக்தியில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அவர் குறையாகச் சொன்ன ஒவ்வொன்றும் நம் மதுரையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் நூற்றாண்டுகளாக நடந்துவருவதுதான் என்பதாலும், அவருடைய முடிவை யாரேனும் ஏற்றுக்கொண்டால் இளம் அர்ச்சகர்கள் பலர் பாதிக்கப்படுவார்கள் என்பதாலும் இந்த மறுமொழியை எழுதுகிறேன்.

நான் திருநகரில் வசிக்கும் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை. என் மகள் நியூயார்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் குடும்பத்துடன் வாழ்கிறாள். அவளிடம் சென்று தங்கும் மாதங்களில் நான் வழிபடுவது ஃப்ளஷிங்கில் பௌன் தெருவில் உள்ள மகா வல்லப கணபதி கோயிலில். ஆகவே அந்தக் கோயிலை நேரில் கண்டறிந்தும், அதன் வரலாற்றை ஓரளவு படித்தறிந்தும் இதைச் சொல்கிறேன்.

1965ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, நாடு வாரியாக வைத்திருந்த பழைய ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்ட பிறகே நம் நாட்டு மருத்துவர்களும் பொறியாளர்களும் அங்கே பெருமளவில் குடியேற முடிந்தது. அவர்கள் வீட்டு அலமாரியில் ஒரு படத்தை வைத்து விளக்கேற்றி வழிபட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1970ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், வட அமெரிக்க இந்துக் கோயில் சங்கம் என்ற அமைப்பு பதிவு செய்யப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர், செட்டிநாட்டில் பிறந்து ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் அவர்கள். கொண்டுவிற்கப் போன ஊரிலெல்லாம் முதலில் முருகனுக்கு ஓர் இடம் பார்த்துவிட்டுப் பிறகு கடை விரித்த நகரத்தார் மரபில் வந்தவருக்கு இந்த எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. சிங்கப்பூர் டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயிலை அவர்கள் 1859ஆம் ஆண்டிலேயே எழுப்பியிருந்தார்கள். பௌன் தெருவில் இருந்த பழைய ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் ஒன்றின் இடத்தைச் சங்கம் வாங்கியது. திருவுருவங்கள் இந்தியாவில் கருங்கல்லில் வடிக்கப்பட்டுக் கடல் கடந்து சென்றன. 1977ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. நம் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் குடமுழுக்கு நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃப்ளஷிங் கோயிலுக்கும் அதே ஆண்டு கோடையில் குடமுழுக்கு நடந்தது. முறையாகப் பிரதிட்டை செய்து, காலம் தவறாமல் பூசை நடத்தி, ஆண்டுகள் கடந்ததும் மீண்டும் குடமுழுக்குச் செய்யும் ஓர் இடத்தை வேறு என்ன பெயரால் அழைப்பது?

அந்தத் தெருவைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். வரலாறு கற்பித்தவள் என்பதால் என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை. டச்சுக்காரர்களின் ஆட்சியில் அந்த ஊர் இருந்தபோது, குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் கூடி வழிபடக் கூடாது என்று ஆளுநர் தடை விதித்தார். அதை எதிர்த்து 1657ஆம் ஆண்டு டிசம்பரில் ஃப்ளஷிங் மக்கள் சிலர் முறையீடு ஒன்றில் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். அவர்களே குவேக்கர்கள் அல்லர், அடுத்தவரின் வழிபாட்டு உரிமைக்காகக் கையெழுத்திட்டவர்கள். சில ஆண்டுகள் கழித்து, தன் வீட்டில் குவேக்கர்களைக் கூட அனுமதித்ததற்காக ஜான் பௌன் என்பவர் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவர் ஹாலந்துக்கே சென்று முறையிட்டதன் பேரில் தடை தளர்ந்தது. அவருடைய பெயரைத் தாங்கிய தெருவில்தான் நம் பிள்ளையார் வீற்றிருக்கிறார். அந்த முறையீடு எழுதப்பட்ட ஆண்டில் மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். 2022ஆம் ஆண்டில் அந்தத் தெருவின் ஒரு பகுதிக்குக் கணேசர் கோயில் தெரு என்ற பெயரையும் நியூயார்க் நகரம் சேர்த்து வழங்கியிருக்கிறது.

இனி அந்த வாசகர் எழுப்பிய முதல் குறைக்கு வருகிறேன். ஃப்ளஷிங்கில் நடுவே பிள்ளையாரும், அதே மண்டபத்தில் சிவன், பார்வதி, முருகன், வேங்கடவன், மகாலட்சுமி சன்னிதிகளும் இருக்கின்றன. இது பல மாநிலத்தாரையும் திருப்திப்படுத்தச் செய்த ஏற்பாடு என்பது உண்மைதான். சைவரும் வைணவரும், தெலுங்கரும் கன்னடரும் தமிழரும் ஆளுக்கொரு கோயில் கட்டும் வசதி அன்று அவர்களுக்கு இல்லை. ஆனால் அது மரபுக்கே புதியது என்று மதுரைக்காரர் ஒருவர் சொல்வது எனக்குப் புரியவில்லை. என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் திருப்பரங்குன்றம் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் குடையப்பட்ட அந்த ஒரே குகைக்குள் முருகன், துர்க்கை, கற்பக விநாயகர் ஆகியோருடன், சத்தியகிரீசுவரரும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் எதிரெதிரே கோயில் கொண்டிருக்கிறார்கள். நந்திக்குரிய நேர்பார்வையில் பெருமாள் இருப்பதைப் பார்த்து, இது எப்படி ஒத்துவரும் என்று அங்கே கேட்பவர் யாருமில்லை. மூலவர் மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்டவர் என்பதால் அவருக்கு அபிஷேகம் செய்யாமல் வேலுக்கு அபிஷேகம் செய்யும் வழக்கமும் அங்கேதான் இருக்கிறது. இடத்தின் இயல்பை அறிந்து வழிபாட்டை அமைத்துக்கொள்வது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. தில்லையில் நடராசரையும் கோவிந்தராசரையும் ஒரே இடத்தில் நின்று வணங்கலாம் என்பதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் பெருமையோடு குறிப்பிடும் இன்னொரு கோயில், டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகருக்குத் தெற்கே பியர்லாந்தில் இருக்கும் மீனாட்சி கோயில். 1982ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயிலில் நடுவே மீனாட்சியும், அவளுக்கு இருபுறமும் சுந்தரேசுவரரும் வேங்கடேசுவரரும் எழுந்தருளியிருக்கிறார்கள். வெளியூரார் யாரேனும் இந்த அமைப்பைக் குறை சொன்னால் அவர்களுக்குக் கதை தெரியாது என்று விட்டுவிடலாம். சித்திரைத் திருக்கல்யாணத்தன்று தங்கையைத் தாரை வார்த்துக் கொடுப்பதற்காகப் பவளக்கனிவாய்ப் பெருமாள் திருப்பரங்குன்றத்திலிருந்து புறப்பட்டு வருவதை ஆண்டுதோறும் கண்ணால் காணும் நாம் அதைச் சொல்லலாமா? தங்கையின் பக்கத்தில் அண்ணன் நிற்பதை விட மதுரைக்கு நெருக்கமான காட்சி வேறு என்ன இருக்கிறது?

திருவிழாவை வார இறுதிக்கு மாற்றும் குற்றச்சாட்டுக்கும் நம் ஊர் வீதிகளே விடை சொல்லும். மீனாட்சியின் திருக்கல்யாணமும் தேரோட்டமும் ஒரு காலத்தில் மாசி மாதத்தில் நடந்தவை. தேர் ஓடிய வீதிகளுக்கு மாசி வீதிகள் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அழகர் அந்தக் காலத்தில் சித்திரையில் மலையிலிருந்து இறங்கி, சோழவந்தானுக்கு அருகில் உள்ள தேனூருக்குச் சென்று மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் அளித்துவந்தார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், மீனாட்சியின் விழாவை மாசியிலிருந்து சித்திரைக்கும், அழகரின் விழாவைத் தேனூரிலிருந்து மதுரை வைகைக்கும் மாற்றி, இரண்டையும் ஒன்றாக இணைத்தார் என்பது நம் வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த வரலாறு. மாசி அறுவடைக் காலம் என்பதால் தேர் இழுக்கவும் விழாக் காணவும் ஆட்கள் கூடுவது அரிதாக இருந்தது என்றும், வேலை ஓய்ந்த சித்திரையில் சுற்றுப்பட்டுக் கிராமங்கள் அனைத்தும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வர முடியும் என்பதே காரணம் என்றும் சொல்வார்கள். இன்றும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. மண்டூகருக்கு விமோசனம் தரும் இடம் வண்டியூர்ப் பக்கம் மாறிவிட்டாலும் அந்த மண்டபத்தைத் தேனூர் மண்டபம் என்றே அழைக்கிறோம். மக்கள் கூடுவதற்காக ஒரு மாதத்தையே மாற்றிய ஊரில் பிறந்தவர்கள், செவ்வாய்க்கிழமை விடுப்பு கிடைக்காத ஒரு தாதியும் கடைச் சிப்பந்தியும் தேர் வடம் பிடிப்பதற்காக விழாவைச் சில நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வதைத் தெய்வக் குற்றம் என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. மேலும், உரிய திதியில் செய்ய வேண்டிய பூசையை அர்ச்சகர்கள் அன்றே செய்துவிடுகிறார்கள். ஊர்வலமும் கலை நிகழ்ச்சியும்தான் பெரும்பாலும் வார இறுதிக்குச் செல்கின்றன. விநாயகர் சதுர்த்தி விழாவின் நிறைவில் ஃப்ளஷிங் தெருக்களில் தேர் வருவதைச் சீனரும் கொரியரும் கடை வாசலில் நின்று பார்ப்பார்கள்.

ஆகமம் என்ற பெயரால் எதை மறுக்கிறோம் என்பதில் மதுரைக்காரர்களுக்கு மற்றவர்களை விடக் கூடுதல் கவனம் வேண்டும். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் அவர்கள், கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, சன்னிதியின் தூய்மை கெட்டது என்று கூறிப் பூசை செய்ய மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்ன காரணமும் ஆகமமே. அம்மன் அங்கேதான் இருந்தாள், இருக்கிறாள்.

உணவகத்தைப் பற்றிய குறை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. ஃப்ளஷிங் கோயிலின் கீழ்த்தளத்தில் தோசையும் வடையும் பொங்கலும் தரும் உணவகம் இருப்பது உண்மை. கோயிலுக்கே வராத வேற்று நாட்டவரும் அதைத் தேடி வருவதும் உண்மை. அழகர்கோயிலுக்குப் போனவர்கள் கள்ளழகருக்குப் படைத்த தோசையை வாங்காமல் திரும்புவதில்லை. மிளகும் சுக்கும் நெய்யும் மணக்க அதைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். யாரும் அதை வணிகம் என்று சொன்னதில்லை. இன்று மீனாட்சி அம்மன் கோயிலில் நாள்தோறும் அன்னதானம் நடக்கிறது. கோயிலின் பணி கருவறையோடு முடிந்ததாக நம் வரலாற்றில் எந்தக் காலமும் இல்லை. காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலைச் சார்ந்து ஒரு பள்ளியும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் நடந்ததையும், வைத்தியருக்கும் தாதியருக்கும் அளித்த நெல்லின் அளவையும், அங்கே இருப்பு வைத்திருந்த மருந்துகளின் பெயர்களையும் அது சொல்கிறது. அந்தக் கல்வெட்டை வகுப்பில் ஆண்டுதோறும் பாடம் நடத்தியவள் நான். அதைப் படித்த பின், ஃப்ளஷிங் கோயிலின் பக்கத்துக் கட்டடத்தில் பிள்ளைகளுக்குத் தாய்மொழியும் இசையும் கணக்கும் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தால், அயல்நாட்டுப் பழக்கம் என்று தோன்றாது. நாம் இங்கே கைவிட்ட ஒரு கடமையை அவர்கள் அங்கே தொடர்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

அந்தக் கீழ்த்தளத்தில் நான் கண்டவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் கோயிலின் பயனை அங்கே அறிந்துகொண்ட அளவுக்கு நான் வேறெங்கும் அறிந்ததில்லை. பிள்ளைகளிடம் போய்ச் சில மாதம் தங்கும் நம் ஊர்ப் பெற்றோரின் வாழ்க்கை வெளியே தெரிவது போல அவ்வளவு இனியதன்று. காலை 8 மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்கும், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் புறப்பட்டுவிட்டால், பிறகு மாலை வரை பேச்சுத் துணை கிடையாது. குளிர்காலத்தில் தெருவில் இறங்கி நடக்க அச்சம். மதியத்துக்கு மேல் தொலைபேசியில் மதுரைக்குப் பேசலாம் என்றால் இங்கே அப்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். அண்டை வீட்டார் நல்லவர்களாகவே இருந்தாலும் மொழி குறுக்கே நிற்கிறது. அந்த நிலையில் இருக்கும் ஒரு தாயை வாரம் ஒருமுறை கோயிலில் கொண்டுபோய் விட்டால், அவர் மடப்பள்ளிக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறார், பூத் தொடுக்கிறார், பக்கத்தில் அமர்ந்திருக்கும் விருதுநகர்க்காரியிடம் வெயிலையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் பற்றிப் பேசுகிறார், யாரோ ஒரு குழந்தைக்குக் காது குத்தும் விழாவில் உறவினர் போல நின்று வாழ்த்துகிறார். ஊரில் பெரிய மனுசியாக வாழ்ந்து, அங்கே போய் ஒரு அறைக்குள் அடங்கிப்போனவருக்குத் தன்னால் ஆவது இன்னும் இருக்கிறது என்ற உணர்வை அந்தச் சில மணி நேரம் திருப்பித் தருகிறது. கயானா, டிரினிடாட் நாடுகளிலிருந்து வந்து குயீன்ஸில் குடியேறிய இந்துக்களும் அங்கே வருகிறார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னர்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்த அவர்கள், முன்னோரின் மொழியை இழந்திருந்தாலும் சாமி கும்பிடுவதை விடவில்லை. இவர்கள் அனைவருக்கும் இடம் தரும் ஒரு கோயிலைப் பகட்டுக்காகக் கட்டியது என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட முடியாது.

பகட்டுக்கு வாய்ப்பே இல்லாத மக்களும் இதே போலக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். இலங்கைப் போரிலிருந்து தப்பி ஜெர்மனியில் தஞ்சமடைந்த தமிழர்கள், ஹம் நகரின் தொழிற்சாலைப் பகுதியில் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002ஆம் ஆண்டு குடமுழுக்கு நடந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளில் சிதறிப்போன குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை அதன் தேர்த் திருவிழாவில்தான் ஒன்றுகூடுகின்றன.

மதுரையும் குடிவந்தோரால் நிறைந்த ஊர் என்பதை அந்த வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நாயக்கர் காலத்தில் பட்டு நெசவுக்காக வந்து திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிக் குடியமர்ந்த சௌராஷ்டிர மக்கள், வீட்டில் தம் மொழியையும் வெளியே தமிழையும் பேசி, தெற்கு மாசி வீதியில் பிரசன்ன வெங்கடேசப் பெருமாள் கோயிலைப் போற்றி வளர்த்தார்கள். அவர்களுடைய சடங்கு உரிமை குறித்து இங்கே தகராறு எழுந்து, 1705ஆம் ஆண்டில் ராணி மங்கம்மாள் தீர்ப்பளிக்க வேண்டிய நிலையும் வந்தது. வந்தேறியவர்களின் வழிபாடு முறையானதுதானா என்ற கேள்வியை அவர்களும் எதிர்கொண்டார்கள். அந்தச் சமூகத்தில் 1843இல் மதுரையில் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள், சௌராஷ்டிர மொழியிலும் தமிழிலும் பாடிய கீர்த்தனைகள் இன்று மதுரையின் சொத்து. அழகர்கோயில் சாலையில் காதக்கிணற்றில் இருக்கும் அவருடைய பிருந்தாவனத்துக்கு யார் வேண்டுமானாலும் சென்று வணங்கலாம். அவர்கள் தந்த சுங்குடிச் சேலை இல்லாத மதுரையை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? நாளை ஃப்ளஷிங்கும் பியர்லாந்தும் தங்கள் ஊரின் வரலாற்றை எழுதும்போது அங்குள்ள கோயில்களையும் இப்படித்தான் குறிப்பிடும் என்பது என் நம்பிக்கை.

குறைகளே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பெருங்கொடையாளர்களுக்கும் சாதாரண பக்தர்களுக்கும் இடையே சில கோயில்களில் வேறுபாடு காட்டப்படுகிறது. நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு என்பதிலும் தெளிவு குறைவு. ஃப்ளஷிங் கோயிலிலேயே அறங்காவலர் தேர்தல் வேண்டும் என்று உறுப்பினர் சிலர் தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2008ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கேட்டவர்களுக்குப் பாதகமாக முடிந்தது. நமக்கு 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் இருக்கிறது. அதில் எத்தனையோ குறைகள் கூறப்பட்டாலும், கோயில் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே அரசு கோயிலுக்குள் தலையிடாது. ஆகவே நேர்மையான நிர்வாகிகள் அமைவது பெரும்பாலும் அந்த மக்களின் விழிப்பைப் பொறுத்தது. பிள்ளைகள் தேவாரத்தையும் பாசுரத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவதைக் கேட்கும்போது எனக்கும் மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவர்கள் பாடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது அர்ச்சகர்களின் நிலை. அந்த வாசகரின் கடிதத்தில் மிகக் கடுமையான பகுதியும் அதுவே. கடல் கடந்தவர் கருவறைக்குள் நுழையலாமா என்ற சர்ச்சை நம் காலத்திலும் எழுந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டில் உடுப்பி கிருஷ்ணன் கோயிலில் மடங்கள் முறை வைத்து ஏற்கும் பூசைப் பொறுப்பான பர்யாயத்தைப் புத்திகே மடாதிபதி ஏற்றபோது, வெளிநாடு சென்றுவந்தவர் திருமேனியைத் தொட்டுப் பூசிக்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. அவர் ஒரு மடத்தின் தலைவர். அந்த எதிர்ப்பைத் தாங்கும் வலிமை அவருக்கு இருந்தது. வேத பாடசாலையில் பயின்று, சிறு கோயில் ஒன்றில் சொற்பச் சம்பளத்துக்கும் தட்டுக் காசுக்கும் பூசை செய்து, தங்கையின் திருமணத்துக்காகவோ தந்தையின் மருத்துவச் செலவுக்காகவோ அமெரிக்காவுக்குப் போகும் 25 வயது இளைஞனுக்கு அந்த வலிமை இல்லை. அங்கே அவர் நல்ல சம்பளம் வாங்குகிறார் என்பது மட்டும் இங்கே தெரிகிறது. சமயப் பணியாளருக்கான அமெரிக்க விசாவில் முதலில் 30 மாதமும், நீட்டித்தால் மொத்தம் 5 ஆண்டும்தான் தங்கலாம். அதற்குள் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு வழி பிறக்காவிட்டால் திரும்பித்தான் ஆக வேண்டும். அந்த விசாவுக்கு விண்ணப்பிப்பது அவரை வேலைக்கு அமர்த்தும் கோயில் நிர்வாகமே என்பதால், அங்கே மனக்கசப்பு ஏற்பட்டால் விரும்பியபடி வேறு கோயிலுக்கு மாறிவிட இயலாது. புதிய நிர்வாகம் மறுபடியும் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அதுவரை அவருடைய வீடும் ஊதியமும் சில அறங்காவலர்களின் விருப்பத்தைப் பொறுத்தே இருக்கும். கோயிலில் காலை அபிஷேகம் முடித்து, பகலில் அன்பர்கள் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கும் புதிய காரின் பூசைக்கும் போய், இரவு நடை சாத்தி, மறுநாள் மீண்டும் விடியலில் எழும் அவரை, 5 ஆண்டு கழித்துத் திரும்பி வந்ததும் நீ கடல் கடந்தவன், உனக்கு இங்கே இடமில்லை என்று சொன்னால் அவர் எங்கே போவார்? நம் மகன்களும் மகள்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று அயல்நாட்டில் சங்கல்பம் செய்து அர்ச்சித்தவருக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவாக இருக்கக் கூடாது.

ஆகவே தங்கள் வழியாக மூன்று தரப்பினரிடம் வேண்டுகோள் வைக்கிறேன். கோயில் நிர்வாகங்களும் அறநிலையத் துறையும், வெளிநாட்டில் பணியாற்றிய காலத்தை அர்ச்சகரின் தகுதிக் குறைவாகக் கருதாமல் அனுபவமாகக் கருத வேண்டும். நம் வட்டாரத்தில் அர்ச்சகர்களைப் பயிற்றுவிக்கும் பாடசாலைகளும் பயிற்சிப் பள்ளிகளும், வெளிநாடு செல்ல விரும்பும் மாணவர்களுக்கு ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவாவது கற்பிக்க வேண்டும்: சம்பளம் எவ்வளவு, தட்சிணை யாருக்கு, வார விடுப்பு உண்டா, மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுவார், கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும், குடும்பத்தை எப்போது அழைத்துக்கொள்ளலாம் என்பவற்றைத் தமிழில் எழுதிக் கேட்டு வாங்கிய பிறகே விமானம் ஏற வேண்டும். வெளிநாட்டுக் கோயில்களில் பிள்ளைகள் வழியாகத் தொடர்பு உள்ள மதுரைப் பெற்றோர், அங்கே போகும்போது பிரசாதத்தோடு திரும்பிவிடாமல் அர்ச்சகர் தங்கியிருக்கும் அறையையும் ஒருமுறை எட்டிப் பார்த்து, குறை இருந்தால் தம் பிள்ளைகள் மூலமாக நிர்வாகக் குழுவில் பேச வேண்டும். பயன்பெறும் குடும்பங்களே கேட்டால் அறங்காவலர்கள் மறுக்க மாட்டார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்திலோ வேலைவாய்ப்புப் பக்கத்திலோ, குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரையும், அங்கே பணியாற்றித் திரும்பிய அர்ச்சகர் சிலரையும் கொண்டு இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு புறப்படும் இளைஞர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டே தங்கள் ஒப்பந்தத்தைச் சரிபார்க்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
திருநகர், மதுரை-6.